அக்கா நிலத்தில் சம்மட்டி அடித்த ஞாயிறு

1

நார்வேயில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பதினைந்து ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டால் கேக் வெட்டுவார்கள். போன வாரம் என் முறை. எங்கள் மேலாளர் அதிகம் பேசாதவர். அவரே எழுந்து நின்று, கடலுக்கடியில் இருக்கும் பாறைகளை இவ்வளவு பொறுமையாகப் படிப்பவர் இன்னொருவர் இல்லை என்று என்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். நான் கத்தியை எடுத்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆம்பூரிலிருந்து அக்கா மகள் கல்பனா. ஷூ கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் எடுத்துப் படித்தேன்.

"மாமா, நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஜனவரில நீங்க இடம் பாத்துக் குடுத்த போர்ல வர்ற தண்ணி சரியில்ல. எங்க லேப்ல வெச்சுப் பாத்துட்டேன். உப்பு ரொம்ப ஜாஸ்தி, தோல் கம்பெனிக் கழிவும் கலந்திருக்கு. அம்மா அதையேதான் தென்னைக்கு விட்டுக்கிட்டு இருக்குது. குரும்பை எல்லாம் கொட்டுது. நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

கேக்கை வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு துண்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு, செய்தியை மறுபடியும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவோடு பேசுகிறவன் நான். தண்ணீர் எப்படி என்று கேட்காத வாரமில்லை. "இளநீராட்டம் இருக்குதுடா" என்று அவள் சொல்லாத வாரமும் இல்லை.

2

ஊரில் யாராவது கேட்டால் பெட்ரோல் கம்பெனியில் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கொஞ்ச நாள் என்னை பெட்ரோல் பங்க்கில் வேலை செய்பவன் என்றே நினைத்திருந்தார்கள். என் பெரியப்பா ஒருமுறை, "படிச்ச படிப்புக்கு அங்க வேற ஒண்ணும் கெடைக்கலியா" என்று அனுதாபத்தோடு விசாரித்தார். இன்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது.

ஒரு கப்பல் கடலில் போய்க்கொண்டே, அழுத்தி அடைத்த காற்றை அவ்வப்போது தண்ணீருக்குள் வெடிக்கவிடும். அந்த அதிர்வு கடல்தரைக்குள் இறங்கிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் மிதந்து வரும் கேபிள்களில் உள்ள கருவிகள் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். பக்கத்தில் இருக்கும் கருவிக்கு எதிரொலி சீக்கிரம் வந்துவிடும், தூரத்தில் இருப்பதற்குத் தாமதமாகும். அதனால் என் திரையில் ஒவ்வொரு எதிரொலியும் வளைந்த கோடாகத் தெரியும். இந்தப் பாறைக்குள் அதிர்வு நொடிக்கு இவ்வளவு மீட்டர் போயிருக்கும் என்று நான் ஒரு வேகத்தைக் கொடுக்க வேண்டும். சரியான வேகமாக இருந்தால் கோடு நேராகப் படுத்துவிடும். தப்பாக இருந்தால் ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும், அல்லது தொங்கிப்போகும். காலை முதல் மாலை வரை கோடுகளைப் படுக்கவைப்பதுதான் என் உத்தியோகம்.

கெட்டிப் பாறையில் அதிர்வு வேகமாக ஓடும். துளையுள்ள மணற்பாறையில் மெதுவாகப் போகும். அந்தத் துளைகளில் தண்ணீருக்குப் பதில் வாயு இருந்தால் வேகம் இன்னும் விழுந்துவிடும். எங்கே வேகம் விழுகிறதோ அங்கே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. பாறையில் வாயு நிறைய இருந்தாலும் வேகம் விழும், சோடாவில் மிச்சமிருக்கும் குமிழி அளவுக்கு இருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே விழும். அதை நம்பித் துளைபோட்டு, வெறும் குமிழியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதனால் குறுக்காக அசைந்து போகும் இன்னொரு வகை அதிர்வையும் அளப்போம். துளைக்குள் இருப்பது தண்ணீரா வாயுவா என்பதை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரண்டின் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு வரும். அதற்கு மேலும் வேறு வேறு சோதனைகள் இருக்கின்றன. வேகம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வாய் வலிக்கப் பாடம் நடத்துகிறவன் நான்தான்.

3

குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்காகக் கல்பனாவின் செய்தி வந்த மறுநாள் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண், மிகவும் மரியாதையாகவே கேட்டாள். உங்கள் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் வேலூர் என்று இருக்கிறது, சமீபத்தில் கொடுத்த காகிதத்தில் திருப்பத்தூர் என்று இருக்கிறது, சிறுவயதில் நீங்கள் நிறைய இடம் மாறினீர்களா?

நாங்கள் அந்த வீட்டை விட்டு ஒரு தெருகூட மாறவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும், பதற்றமானால் நார்வே மொழி என் நாக்கில் வரிசை தப்பிவிடும். நான் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டதோ, வீடு மாறவில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மகள் இனியா, பதினாலு வயது, ஒரே மூச்சில் சரியாக விளக்கிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இனியாவிடம் கல்பனா எழுதியதைச் சொன்னேன். அவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. என் மனைவிக்கு அன்று மருத்துவமனையில் பகல் ஷிப்ட், வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். இனியா சில காலமாக என் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் பள்ளியில், கடலில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொல்லி அட்டை பிடிக்கிற பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா எண்ணெயால்தான் பிழைக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் கணக்கு சம்பந்தப்பட்ட வேலை என்று சொல்லிவிடுகிறாளாம். எனக்கு அது வலித்தது. ஆனால் சொல்லிக் காட்டவில்லை.

அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தைகிட்ட நீ சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன்."

"எப்ப?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

4

ஜனவரியில் நடந்தது இதுதான். அக்காவுக்கும் அவள் கணவர் தேவராஜ் மாமாவுக்கும் ஆம்பூருக்கும் பாலாற்றுக்கும் நடுவே கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்கள் அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்து வாங்கியது. அதே கம்பெனிகளின் கழிவுத் தண்ணீர் இறங்கித்தான் அங்கிருந்த கிணறு கெட்டது. அது பெரிய கதை, எங்கள் பக்கத்தில் அது எல்லா வீட்டுக் கதையும்தான். கிணறு போன பிறகு மழையை நம்பியே தென்னைகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள் அக்கா. தேவராஜ் மாமா நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு போர் போட்டுப் பார்ப்போம், அதுவும் இல்லையென்றால் விற்றுவிடலாம் என்று அக்கா தவணை வாங்கியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தேங்காய் நிமிர்ந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்பது கணக்கு. அக்கா அவரைக் கூப்பிட மறுத்துவிட்டாள். "என் தம்பி கடலுக்கு அடியிலயே பாக்கறவன், இது இன்னா பெரிய விஷயம் அவனுக்கு?" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள்.

அலுவலகம் கழித்துப் போட்ட ஒரு பழைய பதிவுக் கருவியையும், நிலத்தில் குத்தி வைக்கிற சின்னச் சின்ன அதிர்வுணர்விகளையும், சுருட்டிய கேபிளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தவர், வெகுநேரம் மூடவில்லை.

"இன்னா சார் இது, வயரு வயரா?"

"நெலத்துல அடிச்சா வர்ற அதிர்வைக் கேக்கற கருவி. தண்ணி இருக்கான்னு பாக்கலாம்."

"தண்ணிக்கு எதுக்கு சார் இம்மாம் வயரு? எந்த ஊரு நீங்க?"

"ஆம்பூர்."

"எனக்குக் கலவைதான் ஊரு. எங்க நெலத்துலயும் ஆறு எடத்துல போட்டு ஒண்ணும் கெடைக்கல." அவர் குரலை இறக்கிக்கொண்டார். "பேப்பர் எதுவும் இல்லாம உட முடியாது. பெரியவர்கிட்ட பேசிப் பாக்கறேன். ஒரு நாள் நம்ம பக்கம் வந்து பாத்துக் குடுப்பீங்களா?"

பெரியவர் வர மதியமாகிவிட்டது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்று எழுதிக்கொடுத்து வெளியே வந்தேன். கலவைக்குப் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற நாட்களில் ஷூ கம்பெனி பஸ்கள் ஓடும், எந்திரங்கள் ஓடும், எல்லா அதிர்வும் என் கருவிக்குள் வந்து விழும். உணர்விகளை வரிசையாகக் குத்தி, ஓர் இரும்புத் தட்டை நிலத்தில் வைத்து, தேவராஜ் மாமாவிடம் சம்மட்டியைக் கொடுத்தேன். கம்பெனியில் ஈரத்தோல் தூக்கிப் பழகிய தோள்கள் அவருக்கு. முதல் அடியிலேயே தட்டிலிருந்து சம்மட்டி துள்ளி இரண்டாம் முறை விழுந்தது.

"மாமா, ஒரே அடிதான் விழணும். துள்ளினா பதிவு கெட்டுடும்."

"அடிக்கறது மெதுவாவும் கூடாது, துள்ளவும் கூடாதா? உங்க ஊர்ல யாரு அடிக்கறாங்க?"

அதற்குள் தெருவே வந்து வரப்பில் நின்றுவிட்டது. ஒருவர் நடந்தாலும் கருவிக்குக் கேட்கும் என்று சொன்னேன். அக்கா அதை அப்படியே சட்டமாக்கிவிட்டாள். "யாரும் அசையக் கூடாது. என் தம்பி கை தூக்கினா மூச்சு மட்டும் உடுங்க" என்றாள். நான் கையைத் தூக்குவேன், அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள், மாமா அடிப்பார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் குடத்தை இறக்காமலேயே நின்றார். ஆடுகளைக்கூட இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் லாரி போனால் மறுபடியும் முதலிலிருந்து. வெயில் ஏறியும் ஒருவர்கூடக் கலையவில்லை. எனக்காக ஒரு தெருவே அப்படி நின்றது.

காய்ந்த மேல்மண்ணில் அதிர்வு தட்டுத்தடுமாறிப் போகும். தண்ணீர் ஊறிய மண்ணிலும் வெடித்த பாறையிலும் வேகம் சட்டென்று கூடும். அடியில் கெட்டிப் பாறை வந்தால் இன்னும் பறக்கும். மாலையில் கணக்குப் போட்டபோது, நிலத்தின் மேற்கு மூலையில் கெட்டிப் பாறை நன்றாக இறங்கிப்போய், மேலே தண்ணீர் ஊறிய பள்ளம் ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கே குச்சி நட்டேன்.

"தண்ணி இருக்குது" என்றேன். "ஆனா நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு இதுல தெரியாது. ரெண்டுலயும் வேகம் ஏறக்குறைய ஒண்ணுதான். கரண்ட் விட்டுப் பாக்கற கருவி வேலூர்ல ஒரு காலேஜ்ல இருக்கு, ஒரு வாரம் பொறுத்தா அதையும் வெச்சுப் பாத்துடலாம்."

முதல் சொல்லுக்குப் பிறகு நான் பேசியது யார் காதிலும் விழவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா போர் வண்டிக்குப் போன் போட்டார். தண்ணீர் வந்தால் போதும், ருசி பார்க்க இது என்ன பாயசமா என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே துளை போட்டாயிற்று, நான் சொன்ன ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. சேறு கலந்த தண்ணீர், அதை வாயில் விட்டுப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. என்னைத் தூக்காத குறை. அடுத்த வாரம் ஒரு நிலத் தரகர் வந்து, அங்கே எண்ணெய் அகப்பட்டதாமே என்று அக்காவிடம் விசாரித்துவிட்டுப் போனாராம்.

5

கல்பனாவின் செய்திக்கு மூன்று நாள் பதில் போடவில்லை. பிறகு, "எவ்வளவு நாளா இப்படி விடறாங்க?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலேருந்தேதான் மாமா. அப்பா சொல்லியும் கேக்கல. தண்ணி நல்லா இல்லன்னு நான் சொன்னா, ஏன்டி என் தம்பி பாத்தது தப்பான்னு சண்டைக்கு வருது. இப்படியே விட்டா மண்ணும் போய்டும். அப்புறம் விக்கவும் முடியாது, வெக்கவும் முடியாது."

அக்காவிடம் சொல்வது ஒரு நிமிட வேலை. நிறுத்துக்கா, அது கெட்ட தண்ணீர் என்றால் முடிந்தது. ஆனால் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. எங்கள் வீட்டில் நான் ஊருக்கு ஒன்றும் செய்யாதவன். அப்பா போனபோதும் காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். என் கையால் அங்கே நடந்த ஒரே நல்ல காரியம் அந்தப் போர். அதையும் நானே என் வாயால் இல்லையென்று சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு கோடும் நேராகப் படுக்கவில்லை.

6

ஞாயிறு வந்தது. இனியா வழக்கமாக அத்தையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். அன்று நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா நிலத்திலிருந்தே பேசினாள். பின்னால் மோட்டார் சத்தம், குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"இன்னாடா, இளைச்சிட்ட. சாப்பிடறியா இல்லியா?"

"சாப்பிடறேன்க்கா. அக்கா, அந்தத் தண்ணி..."

"அதுக்கு இன்னா, சும்மா கல்கண்டாட்டம் இருக்குது. இரு, காட்டறேன்."

போனைத் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு டம்ளரைக் குழாயில் பிடித்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் டம்ளரைத் தூக்கினாள்.

"அத்தை, குடிக்காத" என்றாள் இனியா.

"இன்னா கண்ணு?"

"குடிக்காத. அது கெட்ட தண்ணி. அப்பாக்கு தெரியும். சொல்ல பயம்."

அக்கா டம்ளரை இறக்கினாள்.

"கல்பனா சொன்னாளா?"

"ஆமாக்கா."

"அவ வாய் சும்மா இருக்காதே."

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"போர் போட்ட மறுவாரமே தெரியும்டா. பருப்பு வேகல. தெருவுக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரிய வேணாம்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

"ஏன்க்கா?"

"எப்பவாச்சும் ஒரு மாசம் வர்றவன். அந்த லீவுலயும் வெயில்ல நின்னு பாத்துக் குடுத்த. அதுல போய் உன்கிட்ட குறை சொல்லுவாங்களா?"

"அதுக்காக மரத்துக்கு விடுவியா? மரம் போகுது இல்ல?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஞாயித்துக்கெழமை போன் பண்றப்ப பின்னால தண்ணி ஓடணும் இல்ல. தண்ணி ஓடியும் மண்ணு காஞ்சி கெடந்தா ஏன்னு கேப்ப. அதான் பாய்ச்சினேன்."

எனக்கு அழுகை வந்தது. மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அடக்கிக்கொள்ளவும் முடியவில்லை. விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் வீட்டுக் குறையை மறைப்போம். அக்கா என்னிடமே மறைத்திருக்கிறாள், அதுவும் ஒரு தோப்பையே கொடுத்து.

"மோட்டாரை நிறுத்துக்கா" என்றேன்.

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். திரையில் வானமும், பழுத்துத் தொங்கும் தென்னை மட்டைகளும் ஆடிக்கொண்டே போயின. அத்தனை வாரமும் அவள் போனை அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. குழாய் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றது.

"நிறுத்திட்டேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத" என்றாள். பிறகு, "அடுத்த தடவ வர்றப்ப அந்த மெஷினையெல்லாம் தூக்கிக்கிட்டு வராதடா. சும்மா வா" என்றாள்.

சரிக்கா என்றேன். இனியா என் கையிலிருந்த போனை வாங்கி, அத்தையிடம் நல்ல தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.